சோலார் விளக்குக்கு எத்தனை வாட்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எலக்ட்ரிக் கடையில் சோலார் விளக்கு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட் எடுக்கலாம்?" என்றுதான். கடைக்காரரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். கரண்ட் பல்புக்கு அது சரி. சோலார் விளக்கில் வாட் என்பது கடைசியாக வரும் கணக்கு. பேனல் பகலில் எவ்வளவு சேர்க்கிறது, பேட்டரி எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கு எத்தனை வாட்டில் எரியலாம் என்று முடிவு செய்ய முடியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வரிசையில் யோசித்தவை.

ஆன்லைனில் 300 வாட் சோலார் விளக்கு ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வாங்கலாம், அது 300 வாட் இல்லை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கணக்கு எளிது. 300 வாட் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 3,600 வாட் மணி, அதாவது 3.6 யூனிட் மின்சாரம் செலவாகும். அதை ஒரே பகலில் சேர்க்க நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 1,500 வாட் பேனல் வேண்டும். மொட்டை மாடியில் போடுகிறார்களே, ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் 540 வாட் பேனல், அதில் மூன்று. உங்கள் பெட்டிக்குள் வருவது விரித்து வைத்த நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு பேனல்.

அப்படியானால் 300 எங்கிருந்து வந்தது? சிலர் உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுகளை எண்ணி, ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய உச்ச வாட்டால் பெருக்கிப் போடுகிறார்கள். சிலர் பழைய குண்டு பல்போடு ஒப்பிட்டுப் போடுகிறார்கள். சிலருக்கு எந்தக் கணக்கும் கிடையாது, பக்கத்துக் கம்பெனி 200 போட்டால் இவர்கள் 300.

சரி, உண்மையான வாட்டை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு டேப் போதும். பேனலில் கருநீலமாகவோ கறுப்பாகவோ தெரியும் பகுதியின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வருவதை 50-ஆல் வகுத்தால் பேனல் எத்தனை வாட் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். இன்றைய பேனல்கள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் தருகின்றன, அதிலிருந்து வந்ததுதான் இந்த 50. தரம் குறைந்த பேனலில் இதைவிடக் குறையும்.

அந்த வாட்டை இன்னொரு முறை 5-ஆல் வகுத்தால், இரவு முழுக்க ஒரே வெளிச்சமாக எரிக்க எத்தனை வாட் தாங்கும் என்பது கிடைக்கும்.

உதாரணத்துக்கு, மேலே சொன்ன 300 வாட் விளக்கின் பேனல் 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 600. 50-ஆல் வகுத்தால் 12 வாட் பேனல். 5-ஆல் வகுத்தால் 2.4 வாட். விடிய விடிய எரிந்தால் இதன் நிஜ வாட் இரண்டரைகூட இல்லை. மாலை ஆறரைக்குப் பளீரென்று எரிந்து, எட்டரைக்கெல்லாம் மின்மினி ஆகிவிடுவதன் காரணம் இதுதான்.

பேட்டரிக்கும் ஒரு சோதனை உண்டு: கையில் தூக்கிப் பாருங்கள். லித்தியம் பெரோ பாஸ்பேட் (பெட்டியில் LiFePO4 என்றிருக்கும்) பேட்டரி ஒரு கிலோவுக்கு 100 முதல் 140 வாட் மணி வரை பிடிக்கும். மொத்த விளக்கே அரை கிலோ என்றால் உள்ளே பேட்டரி எவ்வளவு இருக்க முடியும்? கழற்றிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் செல்லின் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள். 18650 என்ற விரல் பருமன் செல்லில் 9,900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவில் நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் வரும்.

வாட்டைப் பார்க்க வேண்டுமா, லூமனைப் பார்க்க வேண்டுமா?

வெளிச்சத்தின் அளவு லூமன். வாட் என்பது அந்த வெளிச்சத்துக்காகச் செலவாகும் மின்சாரம். பழைய 60 வாட் குண்டு பல்பு 700, 800 லூமன் தந்தது. அதே வெளிச்சத்தை இப்போது 8, 9 வாட் எல்.இ.டி. தருகிறது. சோலாரில் ஒவ்வொரு வாட்டும் பேனலிலும் பேட்டரியிலும் காசாக நிற்பதால், ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று கேட்டே வாங்குங்கள். 100 சாதாரணம். 130-க்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. அதே வெளிச்சத்துக்குப் பேனல் கால்பங்கு குறைவாக இருந்தால் போதும்.

வீட்டு முற்றத்துக்கு எத்தனை வாட்?

இங்கே சொல்வதெல்லாம் நிஜ வாட், பெட்டி வாட் அல்ல. நடுத்தரமான முற்றம், 6 மீட்டருக்கு 8 மீட்டர் என்றால், மூன்று மீட்டர் உயரத்தில் 8 முதல் 10 வாட் விளக்கு ஒன்று தாராளம். கதவுப் படிக்கும் திண்ணைக்கும் 2, 3 வாட். கேட் தூணுக்கு 3 முதல் 5. மாட்டுத்தொழுவம், மோட்டார் ரூம், வெளிக் கழிப்பறை இவற்றுக்கும் 5-ஐத் தாண்ட வேண்டியதில்லை.

தெருவில் நடக்கிறவர்களுக்கான சந்து விளக்கு என்றால் 4, 5 மீட்டர் கம்பத்தில் 12 வாட், கம்பத்துக்குக் கம்பம் 15 மீட்டர். கோயில் வளாகம், பள்ளி மைதானத்தின் ஓரம், மீன் காயவைக்கும் களம் போன்ற அகன்ற இடத்துக்கு 6 மீட்டர் கம்பத்தில் 20 முதல் 30 வாட்.

பெரிய விளக்கு ஒன்றை நடுவில் வைப்பதைவிட, சின்ன விளக்கு இரண்டை இரண்டு மூலையில் வைப்பது எப்போதும் நல்லது. வீட்டுச் சுவரின் நிழலில் இருட்டு மூலை மிஞ்சாது. ஒன்று கெட்டாலும் மற்றது எரியும்.

10 வாட் விளக்குக்கு எவ்வளவு பேனல், எவ்வளவு பேட்டரி?

மாலை 6 முதல் இரவு 11 வரை முழு வெளிச்சம், அதன் பிறகு காலை 6 வரை 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும்.

ஐந்து மணி நேரம் 10 வாட், 50 வாட் மணி. ஏழு மணி நேரம் 3 வாட், 21 வாட் மணி. மொத்தம் 71. பேனல் சூடாவது, தூசி, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், பேட்டரி என்று வழியில் 30 சதவீதம் போய்விடும், ஆகவே பேனல் தர வேண்டியது ஏறக்குறைய 100. அதை 3.5 மணி நேர முழு வெயிலால் வகுத்தால் 29. கடையில் 30 வாட் பேனலும் இருக்கும், 40-உம் இருக்கும். 40 எடுங்கள்.

பேட்டரி இரண்டு இரவு தாங்க வேண்டும்: 142 வாட் மணி. முழுக்க வடித்தால் ஆயுள் குறையும் என்பதால் 80 சதவீதமே பயன்படுத்துவதாகக் கொண்டால் 180 வாட் மணி. 12.8 வோல்ட் பேட்டரியில் இது 14 ஆம்பியர் மணி, கடையில் 15 அல்லது 18 என்று கேளுங்கள்.

விடிய விடிய முழு வெளிச்சம்தான் வேண்டும் என்றால் இதே 10 வாட்டுக்கு 50 வாட் பேனலும் 24 ஆம்பியர் மணி பேட்டரியும் ஆகிவிடும். தூங்குகிற நேரத்து வெளிச்சத்துக்கு இவ்வளவு செலவா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வெயில் கொளுத்துகிறது. ஏன் 3.5 மணி நேரம்தான் என்கிறீர்கள்?

காலை 6 முதல் மாலை 6 வரை வெயில் இருந்தாலும், முழு வீச்சு வெயிலாகத் திரட்டினால் தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். கம்பெனிக்காரர்கள் அந்த 5-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மிஞ்சும் கரண்டை மின்வாரியத்துக்கு ஏற்றும் மாடி சோலாருக்கு அது சரி, ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். விளக்கு அப்படி இல்லை. ஏப்ரலில் மிஞ்சியதை நவம்பருக்கு எடுத்து வைக்க முடியாது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மோசமான மாதத்தை வைத்துத்தான் பேனல் வாங்க வேண்டும்.

மாவட்டம் சின்னதுதான், ஆனால் வானம் ஒன்றல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு. அஞ்சுகிராமத்தில் 4 என்று எடுத்தாலும் தவறில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் மழை கூடுதல். பேச்சிப்பாறை, குலசேகரம் போன்ற மலையடிவாரத்தில் காலை வெயிலே தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும், அங்கே 3 என்றே எடுக்க வேண்டும். அஞ்சுகிராமத்தில் 30 வாட் பேனலில் சுகமாக ஓடும் விளக்குக்குக் குலசேகரத்தில் 40 வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் நன்றாக எரிகிறது என்று அதே மாடலை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மழை விடாமல் பெய்தால் எத்தனை இரவு எரியும்?

இரண்டு இரவுக்குப் பேட்டரி வைத்திருந்தால், மேகமூட்டத்திலும் பேனல் கொஞ்சம் சேர்க்கும் என்பதால் மூன்று இரவு ஓட்டிவிடலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த மாதிரி நேரத்துக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் வாட்டைக் கூட்ட வேண்டாம், பேட்டரியைக் கூட்டுங்கள். மூன்று வாட் விளக்கு ஐந்து இரவு எரிவது, முப்பது வாட் விளக்கு முதல் இரவோடு அணைவதைவிட மேல். போன் சார்ஜ் செய்ய ஒரு யு.எஸ்.பி. வாய் இருந்தால் இன்னும் நல்லது.

ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. சோலார் விளக்கு எரியுமா?

பேனலும் விளக்கும் ஒன்றாக இருக்கும் ஆல் இன் ஒன் மாடலை வாங்கி மரத்தடியில் வைத்தால் எரியாது. பேனல் தனி, விளக்கு தனி என்று வருவதை வாங்கி, பேனலை ஓட்டுக் கூரைக்கு மேலே வெயில் படும் இடத்தில் வைத்து வயர் இழுத்தால் எரியும்.

இன்னொன்று இருக்கிறது. ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலை உதிர்த்து நிற்கும். ஜனவரியில் வந்து பார்க்கிறவருக்குத் தோட்டம் முழுக்க வெயிலாகத் தெரியும். "இங்கேயே வைக்கலாம்" என்று கம்பம் நட்டுவிட்டுப் போவார். மார்ச்சில் புது இலை வந்து மூடிவிட்டால் பேனலுக்குத் திட்டுத் திட்டாக நிழல்தான். செல்கள் எல்லாம் வரிசையாக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் விழும் கிளை நிழல்கூடப் பாதிக்கு மேல் உற்பத்தியைக் குறைத்துவிடும். ரப்பர் இடங்களில் பேனலுக்கு இடம் பார்க்க நல்ல மாதம் மே, ஜூன்.

பால் வெட்டுக்கு விடியும் முன்பே கிளம்புகிற வீடுகளில் நேரக் கணக்கும் மாறும். வழக்கமான கண்ட்ரோலர் மாலையில் பளிச்சென்றும் விடியற்காலையில் மங்கலாகவும் எரிக்கும். உங்களுக்கு வெளிச்சம் வேண்டியதோ மூன்றரை, நான்கு மணிக்கு. விடியலுக்கு முன் மறுபடி முழு வெளிச்சத்துக்கு வரும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ரிமோட்டோடு வரும் மாடல்கள் சிலவற்றில் உண்டு. ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு 5 வாட் போதும். மரத்துக்கு மரம் போவதற்கு நெற்றி விளக்குதான், அதற்கு மாற்று இல்லை.

பேனலை எந்தத் திசை பார்த்து வைப்பது?

தெற்கு பார்த்து, 10 டிகிரி சாய்வில். இவ்வளவுதான் பதில். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டால் நிழலைத் தவிர்க்கலாம்.

நாம் இருப்பது வட அட்சம் 8 டிகிரியில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. டெல்லிக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்து 25, 30 டிகிரி சாய்த்தால் ஜூன், ஜூலையில் நஷ்டம். மேகமூட்ட நாளில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருவதால் அப்போதும் படுக்கையாக வைத்த பேனலே முந்தும். 10 டிகிரி எதற்கு என்றால், மழைத் தண்ணீர் தேங்காமல் தூசியோடு வழிந்து போகத்தான்.

தென்னை நிற்கும் விளையில் நிழலையும் இப்படியே பாருங்கள். 15 மீட்டர் உயரத் தென்னையின் நிழல் டிசம்பர் நண்பகலில் வடக்கே 9 மீட்டர் வரை நீளும், ஜூன் நண்பகலில் தெற்கே 4 மீட்டர் விழும். ஆகவே மரத்துக்குத் தெற்கே பேனல் வைக்க 5, 6 மீட்டர் தள்ளினால் போதும், வடக்கே என்றால் 10 மீட்டராவது தள்ள வேண்டும். ஓலையின் அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரை வீடு. ஏதாவது வித்தியாசம் உண்டா?

வாட்டில் இல்லை, இரும்பில் உண்டு. உப்புக் காற்று முதலில் தின்பது போல்ட்டையும் கிளாம்பையும்தான். எவர்சில்வர் போல்ட், அலுமினிய உடல், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. கம்பம் என்று கேளுங்கள். வெறும் பெயின்ட் அடித்த கம்பம் வேண்டாம். தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே போகாது என்பதைக் காட்டும் ஐ.பி. 65 என்ற எண் பெட்டியில் இருக்கட்டும். வயர் ஜாயிண்டை வெளியே விடாதீர்கள். மழை இல்லாத மாதங்களில் பேனலில் உப்பும் காக்கை எச்சமும் படியும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

ஆரல்வாய்மொழி காற்றுக்குக் கம்பம் தாங்குமா?

காற்றாலை நடுகிற அளவுக்குக் காற்று உள்ள கணவாய் அது. கம்பத்தின் உச்சியில் பெரிய பேனலை வைத்தால் காற்று மொத்தமும் அதில்தான் மோதும். அங்கே முடிந்தவரை பேனலைக் கூரையில் படுக்க வைத்து, விளக்கை மட்டும் சுவரில் மாட்டுங்கள். கம்பம்தான் வேண்டும் என்றால் கான்கிரீட் அடித்தளத்தில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

விளக்கை உயரத்தில் வைத்தால் அதிக இடத்துக்கு வெளிச்சம் வருமா?

பரவும், ஆனால் மங்கும். உயரம் இரண்டு மடங்கானால் நேர் கீழே விழும் வெளிச்சம் கால்பங்காகும். 5 வாட் விளக்கை 6 மீட்டரில் மாட்டிவிட்டு வெளிச்சம் இல்லை என்று சொல்வதில் பயனில்லை. வீடுகளுக்கு 3, மிஞ்சினால் 4 மீட்டர்.

மோஷன் சென்சார் தேவையா?

கேட்டுக்கும் பின்வாசலுக்கும் நல்லது. ஆள் வரும்போது மட்டும் முழுதாக எரிவதால் சிறிய பேனலே போதும். தெருநாய் அதிகமுள்ள இடத்தில் இரவு முழுக்க எரிந்து எரிந்து அணையும், அங்கே வேண்டாம்.

வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா?

பளீர் வெள்ளை, அதாவது 6,500 கெல்வின், ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் லூமன் தரும். அதனால்தான் கடையில் அதுவே குவிந்து கிடக்கிறது. என் ஓட்டு 3,000 கெல்வின் மஞ்சளுக்கு. மழையில் கண் கூசாது, பூச்சியும் குறைவாக வரும். கோடை மழை விழுந்ததும் ரப்பர் சருகுக்கடியிலிருந்து கிளம்பி, வெளிச்சத்தைத் தேடி ஓட்டுக்குள் ஆயிரக்கணக்கில் அடையும் கருவண்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரங்களில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலிருந்து தள்ளி ஒன்றை எரியவிடுவது இன்னும் நல்லது.

இதனால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

ஒன்றும் பெரிதாகக் குறையாது. 12 வாட் எல்.இ.டி. தினமும் 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்கூட ஆகாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு இருக்கிறது. வாசலில் ஏற்கெனவே கரண்ட் இருந்தால் 9 வாட் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். வயர் இழுக்க முடியாத விளை, குளத்தங்கரை, கேட், கரண்ட் போனாலும் எரிய வேண்டிய இடம் இவற்றுக்குத்தான் சோலார் விளக்கு.

வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வெளிச்சம் பாதி நேரம்தான் வருகிறது. வாட் குறைந்துவிட்டதா?

எல்.இ.டி.யும் பேனலும் அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் பேனலைத் துடையுங்கள், புதிதாக வளர்ந்த கிளை மறைக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பேட்டரிதான். ஈய அமிலப் பேட்டரியும் மலிவான லித்தியம் அயனும் இரண்டு, மூன்று வருடத்தில் தளரும், பெரோ பாஸ்பேட் ஐந்து வருடத்துக்கு மேல் வரும். ஆல் இன் ஒன் விளக்கில் பேட்டரி பேனலுக்கு அடியிலேயே வெந்துகொண்டிருப்பதால் இன்னும் சீக்கிரம் போகும். பேட்டரியைத் தனியாக மாற்ற முடியுமா என்பதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். மாற்றும்போது அதே வகை, அதே வோல்ட் என்று பார்க்கவும். 3.2 வோல்ட் செல்லுக்குப் பதில் 3.7 வோல்ட் போட்டால் கண்ட்ரோலருக்கு ஒத்துவராது.

புது விளக்கு, இரவாகியும் எரியவே இல்லை?

மின்வாரியத் தெருவிளக்கின் வெளிச்சம் பேனல் மேல் விழுகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் பேனல்தான் பகலா இரவா என்று சொல்லும் உணர்வி. தெருவிளக்கைப் பார்த்துப் பகல் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பேனலை ஒரு துணியால் மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்க் குருசடிக்கும் அம்மன் கோயில் முக்குக்கும் விளக்கு போட வரி பிரிக்கிறோம். கொட்டேஷனில் என்ன எழுதித் தரச் சொல்வது?

"50 வாட் சோலார் விளக்கு, 4 எண்ணம்" என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்.இ.டி. எத்தனை வாட், எத்தனை லூமன். பேனல் எத்தனை வாட். பேட்டரி என்ன வகை, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் மணி. எந்த நேரம் எவ்வளவு வெளிச்சம். வெயிலே இல்லாமல் எத்தனை இரவு. பேட்டரிக்குத் தனியாக எத்தனை வருட வாரண்டி. இத்தனையும் எழுத்தில் வேண்டும். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் உச்ச வோல்ட்டையும் (Vmp) உச்ச ஆம்பியரையும் (Imp) பெருக்கினால் வாட் வரும், அது கொட்டேஷனோடு பொருந்துகிறதா என்று கம்பத்தில் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். ஏற்றிய பிறகு யாரும் ஏணி போட்டுப் பார்க்கப் போவதில்லை. பிரிக்கும் வரியில் ஒரு பங்கை நான்கைந்து வருடம் கழித்து பேட்டரி மாற்ற என்று இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.